கேட்டில் சாய்ந்திருந்த முகம்

காலை ஏழரை மணி இருக்கும். ரொட்டி வாங்கி வரலாம் என்று கேட்டைத் திறக்கப் போனேன். பூட்டில் சாவியை விட்டவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே, தூணில் சாய்ந்தபடி, ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வட்டமான முகம். கல்யாண வீட்டுச் சட்டி மூடி அளவு இருக்கும். முழுக்கக் கறுப்பு. அதில் இரண்டு வெள்ளைக் கண்கள், கண்ணுக்குள் சிவப்பாகக் கருவிழி. வாய் நிறையப் பல். நெற்றியில் மூன்று விரலால் இழுத்த திருநீறு, நடுவில் ஈரம் காயாத குங்குமம். கீழே சிமெண்டுத் தரையில், இரண்டாக அறுத்த எலுமிச்சம்பழம். ஆளுக்கொரு பக்கமாக வைத்ததுபோல இரண்டு பாதியும் இரண்டு பக்கம். அதிலும் குங்குமம்.

பிள்ளைகளே, உங்கள் சிறுவர் பக்கத்தில் என் முதல் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சிறுமி கடிதம் போட்டிருந்தாள். "அங்கிள், நீங்கள் எதற்குமே பயப்பட மாட்டீர்களா?" என்று கேட்டிருந்தாள். இந்த வாரம் அவளுக்காக எழுதுகிறேன். அந்தக் காலையில் நான் பயந்தேன். பூட்டிலிருந்து பிடுங்கிய சாவிக்கொத்து கலகலத்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. எதிர் வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. அந்த வீட்டு ஏழுமலை அண்ணனின் மோட்டார் சைக்கிளும் இல்லை.

'வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்' என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எதிர் வீட்டுக்காரர்

அரை நிமிடத்தில் முடிவு செய்தேன் என்றால், அதற்கு முன்னால் இரண்டு வாரமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன் என்று அர்த்தம்.

ஏழுமலை அண்ணனும் நானும் மலாக்காவில் செங் என்ற இடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கிற இடம். மெர்லிமா ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பிலும் எதிரெதிர் வீடு. அவருக்கு அங்கே பதினைந்து வருட சர்வீஸ். எனக்கு ஒன்பது. அப்படியிருக்க, லைன் லீடர் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவர் பேச்சு குறைந்துவிட்டதாக எனக்குப் பட்டது. முன்பெல்லாம் "என்னா தனா, சாப்டாச்சா?" என்பார். இப்போது "சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லையே என்று நான் கணக்குப் பார்த்தேன். மனிதன் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால், கேட்ட வார்த்தையைவிடக் கேட்காத வார்த்தைதான் பெரிதாகக் கேட்கும்.

பிறகு தோம்பு மூடி.

தண்ணீர் வராத நாளுக்கென்று பின்பக்கத்தில் ஒரு நீலத் தோம்பு, பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், வைத்திருக்கிறேன். அதன் மூடியில் எங்கள் வீட்டு எண்ணை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தேன். ஒரு நாள் பார்த்தால் மூடி இல்லை. கொசு முட்டையிடுமே என்று கத்தினேன். "யாரு எடுத்தா?" என்று சமையலறை சன்னல் பக்கம் பார்த்துக் கேட்டேன். ஆனால் மனசு எதிர் வீட்டைப் பார்த்துக் கேட்டது. அடுத்த நாள் அவர் வீட்டுப் பக்கம் ஏதோ அறுக்கிற சத்தம் கேட்டது. 'மூடியை எடுத்து என்னமோ செய்கிறார்' என்று சாந்தியிடம் சொன்னேன். சாந்தி என் மனைவி. "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரித்தாள்.

மூன்றாவது, ஆயுத பூசை.

மெஷினுக்குப் பொட்டு

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூசையை விடமாட்டோம். மேனேஜர் சீனர். பூசைக்கு ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தித் தருவார். ஒரு பெட்டி ஆரஞ்சும் அவரே வாங்கி வருவார். வங்காளதேசத்துப் பையன்கள் ஓரமாக நின்று படம் பிடிப்பார்கள். பெரிய மெஷினிலிருந்து ஸ்குரூ டிரைவர் வரைக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். போர்க்லிஃப்ட் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அன்றைக்கு அந்த இடமே ரப்பர் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வேறு மாதிரி இருக்கும்.

பதினைந்து வருடமாகத் தீபாராதனைத் தட்டைப் பிடித்தவர் ஏழுமலை அண்ணன்தான். அந்த வருடம் மேனேஜர் என்னைக் கை காட்டினார். "லீடர் செய்யட்டும்" என்று மலாயில் சொன்னார். பாவம், அவருக்கு அது மரியாதை. நான் தட்டை வாங்கிக்கொண்டேன். கற்பூரம் இரண்டு தடவை அணைந்தது.

எல்லாரும் வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுத் திருநீறு எடுத்தார்கள். ஏழுமலை அண்ணன் வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

நான் பிடித்த தட்டில் திருநீறு எடுக்கக்கூட அவருக்கு மனசு இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் என் மகள் தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு ஒன்பது வயது. கிளினிக்கில் டாக்டர் மருந்து கொடுத்து, மூன்று நாளில் இறங்காவிட்டால் டெங்கியா என்று ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் நான் அவசர விடுப்பு எடுத்தேன். அந்த மறுநாள் காலையில்தான் கேட்டில் அந்த முகம்.

இப்போது சொல்லுங்கள். பதவி, மூடி, பூசை, காய்ச்சல், முகம். ஐந்தையும் ஒரே கயிற்றில் கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

முந்தின நாள் நானே என் மோட்டார் சைக்கிளுக்கும் அதே குங்குமம்தான் வைத்தேன், அதே எலுமிச்சம்பழம்தான் வைத்தேன். அது சாமி காரியம். எதிர் வீட்டுக்காரர் வைத்தால் மட்டும் எப்படிச் சூனியமாகும்? அந்தக் கேள்வி அன்றைக்கு என் பக்கமே வரவில்லை.

போனில் வந்த கண்

சின்னராசு அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றுத் தங்கா பத்து என்ற கடலோர ஊரில் இருக்கிறார். பேய், பாம்பு, வயிற்றுவலி, எதுவானாலும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

"அண்ணே, ஒரு படம் அனுப்பியிருக்கேன். பாருங்க."

"என்னா படம்?"

"கேட்ல ஒன்னு வச்சிருக்காங்க. குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கு. கண்ணு வேற வரைஞ்சிருக்கு."

படத்தைத் திறந்து பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"ஏன்டா எனக்கு அனுப்புன? அது இப்ப என் போன்ல வந்து உக்காந்திருக்குமேடா."

"படம்தானேண்ணே."

"படம்னாலும் கண்ணு இருக்குல்ல? மொதல்ல அழி. உன் பக்கமும் அழி, என் பக்கமும் அழி. அழிச்சிட்டியா? சரி. எத்தன கண்ணு?"

"ரெண்டு."

"மூணு இல்லையே?"

"ரெண்டுதாண்ணே."

"அப்ப தப்பிச்ச. கையால தொடாத. திருப்பிப் பாக்காத. அதோட முதுகப் பாத்துட்டா உன்ன விட்டுப் போவாது. சாக்குல தள்ளிக் கட்டித் தண்ணில விட்ரு."

"இங்க பக்கத்துலயே ஒரு ஆறு..."

"பக்கத்துல விட்டா திரும்பி வந்துரும்லா. இங்க கொண்டாந்து எங்க கடல்ல விடு."

"உங்க ஊருக்கு ஒன்னும் ஆகாதா?"

"கடல் பெருசுலா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

துடைப்பக் குச்சியால் அந்த முகத்தை அரிசிச் சாக்குக்குள் தள்ளினேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் தள்ளினேன். முதுகு தெரிந்துவிடக் கூடாதே. எலுமிச்சம்பழத்தை வாரிச் சாக்கடையில் போட்டேன்.

உள்ளே போனதும் தர்ஷினி கேட்டாள்.

"அப்பா, கவிஷா வந்தாளா?"

கவிஷா ஏழுமலை அண்ணனின் மகள். தர்ஷினியின் வகுப்புத்தான். இரண்டு பேரும் ஒரே குடையில் பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

"எதுக்கு வரணும்?"

"ஒரு சாமான் தரேன்னு சொன்னா."

"என்ன சாமான்?"

"சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

பிள்ளையை வைத்து வீட்டுக்குள் எதையோ அனுப்பப் பார்க்கிறார் என்று தோன்றியது. சாந்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இனிமே எதிர் வீட்டுப் பிள்ளைய உள்ள விடாத."

"அந்தப் பிள்ள என்னங்க செஞ்சிச்சு?"

"பிள்ள ஒன்னும் செய்யல. ஆனா வரக் கூடாது. இவளும் அங்க போகக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நானே ஏத்திக்கிட்டுப் போறேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் தர்ஷினிக்குக் கேட்டுவிட்டது. அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சலில் சிவந்திருந்த காது மட்டும் எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்க்கிறவன்

இந்த இடத்தில் என் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மறந்துவிடுவேன்.

நான் வளர்ந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நாங்களும் சண்டை விளையாட்டு விளையாடினோம். செம்பனை மட்டைதான் வாள். பிஸ்கட் டின் மூடிதான் கேடயம். மூடியின் நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, சைக்கிள் டியூபை நுழைத்துக் கைப்பிடி கட்டுவோம். ஓரம் கையைக் கிழிக்கும் என்று டியூபையே ஓரத்திலும் சுற்றுவோம். நீங்கள் செய்வதாக இருந்தால் தகர மூடி வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும்.

என் கேடயம் நல்ல கேடயம். ஆனால் நான் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. எதிரி எனக்கு முன்னால் இருப்பான். நானோ, என் பக்கத்து ஆட்களே பின்னாலிருந்து முதுகில் அடித்துவிடுவார்களோ என்று அடிக்கடி திரும்பிப் பார்ப்பேன். நான் திரும்புகிற நேரம் பார்த்து எதிரி அடித்துவிடுவான். "திரும்பிப் பாக்கிறவன் வர்றான்டா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு தடவைகூட என் ஆட்கள் என்னை முதுகில் அடித்ததில்லை. அதைப் பெரியவனான பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

கடல் திருப்பிக் கொடுத்தது

மோட்டார் சைக்கிளில் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மலாக்கா டவுனைத் தாண்டித் தங்கா பத்துவுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் அந்த முகம் சாக்குக்குள்ளிருந்து என் முதுகையே பார்ப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் சாக்கு அவிழ்ந்துவிட்டதா என்று பார்த்தேன். பழைய பழக்கம்.

கடற்கரையில் வெயில் கொளுத்தியது. ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன். சாக்கின் வாயை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு கடலில் உதறினேன். தொப்பென்று விழுந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பத்து அடி போயிருப்பேன். மலாயில் ஒரு குரல் அதட்டியது.

"ஏய், கடல் என்ன உன் குப்பைத் தொட்டியா?"

தூண்டிலோடு ஒரு மலாய்ப் பெரியவர். படகு மறைவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் கை காட்டிய இடத்தில் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து கரையோரம் போட்டிருந்தது. நான் ஓடிப் போய்க் காலால் தள்ளினேன். மறுபடியும் வந்தது. இன்னொரு தடவை தள்ளினேன். அலை அதைக் கவிழ்த்துப் போட்டு என் காலடியிலேயே விட்டது.

முதுகைப் பார்க்கக் கூடாது என்றாரே சின்னராசு அண்ணன், பார்த்துவிட்டேன்.

முதுகு நீலமாக இருந்தது. அதில் வெள்ளைப் பெயிண்டில், என் கையெழுத்தில், எங்கள் வீட்டு எண்.

பெரியவர் வந்து குனிந்து அதை எடுத்தார். கையை உள்ளே விட்டு மாட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு பட்டைகள், முழங்கை இடிக்காமல் இருக்க நடுவில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. ஓரம் முழுக்க யாரோ பொறுமையாக அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள்.

"இது பிள்ளைகள் விளையாடும் கேடயம்" என்றார். "யாரோ நன்றாகச் செய்திருக்கிறார்கள். எதற்குத் தூக்கிப் போடுகிறாய்?"

நான் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன்.

கைப்பிடிக்குக் கீழே மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. கவிஷாவின் குண்டு குண்டான எழுத்து.

'தளபதி தர்ஷினி. காய்ச்சல் உள்ளே வரக் கூடாது.'

மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மலாக்காக் கோட்டைக்குக் கூட்டிப் போனது ஞாபகம் வந்தது. அன்று முதல் தாமான் திடலில் கோட்டைச் சண்டைதான். மூடியை எடுத்தது யார், எதிர் வீட்டில் அறுத்த சத்தம் என்ன, பிள்ளை செய்த சத்தியம் என்ன, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றது. வாசலில் காவல் நிற்கட்டும் என்று ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகிற வழியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. முகம் வெளியே பார்த்துத்தான் இருந்திருக்க வேண்டும். தூணில் நிற்காமல் திரும்பியிருக்கும். அல்லது அவசரத்தில் அவளே திருப்பி வைத்திருப்பாள்.

முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். போஸ்டர் கலர் போலிருக்கிறது. உப்புத் தண்ணீரில் கண், பல், திருநீறு எல்லாம் கரைந்து ஒழுகியிருந்தது.

சாக்குக்குள் இருந்தது

வீடு வந்து சேர நாலு மணி ஆகிவிட்டது. எங்கள் கேட்டுக்கு வெளியே கவிஷா, பள்ளிச் சீருடையோடு, ஒரு குச்சியால் சாக்கடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அழுத முகம்.

"அங்கிள், காலையில இங்க ஒன்னு வச்சேன். காணோம். யாரோ திருடிட்டாங்க."

அதே நேரம் ஏழுமலை அண்ணனும் வேலை முடிந்து வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"பாரு தனா, பிள்ளைங்க சாமானக்கூட விட மாட்டேங்கிறானுங்க. முக்குல மோட்டார்ல சுத்துறானுங்களே, அவனுங்க வேலையாத்தான் இருக்கும்."

பிள்ளைகளே, அப்போது எனக்கு ஒரு வழி கிடைத்தது. 'ஆமாண்ணே, அவனுங்கதான்' என்று சொல்லியிருந்தால் போதும். சாக்கைப் பின்பக்கம் கொண்டுபோய் மறைத்திருக்கலாம். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முக்கில் நிற்கிற அந்தப் பையன்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஏழுமலை அண்ணனும் செய்ததில்லை. ஒரே நாளில் இரண்டு பேர் மேல் பழி போட என்னால் முடியவில்லை.

சாக்கை அவிழ்த்து எடுத்துக் கவிஷாவிடம் நீட்டினேன்.

அவள் ஓரத்தை விரலால் தடவினாள். "கடல் மண்ணு" என்றாள்.

"தங்கா பத்துவுக்குக் கொண்டு போனேம்மா. கடல்ல போட்டுட்டேன்."

"ஏன் அங்கிள்?"

"பயந்துட்டேன்."

"இதப் பாத்தா?" அவள் நம்பவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "அவ்ளோ பயமாவா இருந்துச்சு?"

"ரொம்ப."

அழுகைக்கு நடுவில் அவளுக்கு ஒரு பெருமை வந்துபோனதைப் பார்த்தேன். ஆனால் அவள் அப்பாவின் முகம் மாறிவிட்டது. மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நான் வச்சேன்னு நெனச்சியா?"

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

"பூசையில திருநீறு எடுக்காம போனீங்க. அதான்..."

"பிள்ள போன் மேல போன் போட்டுக்கிட்டு இருந்துச்சு தனா. 'ரெண்டு கேடயத்துக்கும் பொட்டு வைக்கணும், நல்ல நேரம் முடிஞ்சிரும், வாங்கப்பா'ன்னு. அதான் ஓடுனேன். அறுத்துக் குடுத்தது நான்தான். மூடியில உன் வீட்டு நம்பர் இருந்துச்சு, நீயே குடுத்ததுன்னு நெனச்சேன். ஒன்னு இவளுக்கு, ஒன்னு உன் பிள்ளைக்கு." ஹெல்மெட்டை வண்டியில் மாட்டினார். "மனசு வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். பதினஞ்சு வருசம் அந்தத் தட்ட நான் புடிச்சேன். ஆனா அதுக்குப் போயி, காய்ச்சல்ல கெடக்கிற பிள்ளைக்கு நான்..."

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கவிஷாவை வீட்டுக்குள் கூட்டிப் போனேன். தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள். கேடயத்தைக் கையில் மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"மூடிய நான்தாம்பா எடுத்தேன். ஏசுவீங்கன்னு சொல்லல."

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க என்னக் கேக்கலயே. அங்கிள் வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

எதிரிக்குக் கேடயம் கிடையாது

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ரத்தம் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. கேடயம்தான் காப்பாற்றியது என்று கவிஷா சொன்னாள். கடலில் போட்ட கேடயம் எப்படிக் காப்பாற்றும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

தொழிற்சாலையில் ஏழுமலை அண்ணன் வேலை விஷயம் மட்டும் பேசினார். நான் சாப்பாட்டு நேரத்தில் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"பிள்ளகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னா சொன்னா?"

"சனிக்கிழமை திடலுக்கு எதிரியா வரணுமாம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என்னையும்தான் கூப்பிட்டிருக்கா" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் திடலுக்குப் போனேன். சிமெண்டு பெஞ்சுகள்தான் கோட்டை. அதற்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் பெயிண்ட் வாளி மூடி, பழைய தட்டு, அட்டை என்று ஆளுக்கொரு கேடயத்தோடு வரிசையாக நின்றார்கள். நடுவில் தர்ஷினி. அவள் கேடயத்தில் கவிஷா புது முகம் வரைந்திருந்தாள். கறுப்பு இல்லை. மாநிறம். தடித்த மீசை, மூக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குள் தட்டு மாதிரி விரிந்த இரண்டு கண்.

"இது யாரும்மா?" என்று கேட்டேன்.

"பயந்த அங்கிள்" என்றாள் கவிஷா.

எனக்கும் ஏழுமலை அண்ணனுக்கும் ஆளுக்கொரு செய்தித்தாள் சுருளைக் கொடுத்தாள். அதுதான் வாள்.

"எங்களுக்குக் கேடயம்?"

"எதிரிக்கு எதுக்கு அங்கிள் கேடயம்? கோட்டைக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான்."

திடலின் அந்தக் கோடியில் நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். கையில் பேப்பர் சுருள். என் முகமே அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கவிஷா விசில் ஊதினாள்.

ஏழுமலை அண்ணன் நகரவில்லை.

"முன்னால போ தனா" என்றார். "லீடர் நீதானே."

சிரித்துக்கொண்டு சொன்னாரா, குத்திக் காட்டினாரா, குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. நாற்பது வருடப் பழக்கம்.

திரும்பாமல் ஓடினேன். கொஞ்ச தூரம் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. அப்புறம் பின்னால், புல்லில், அவருடைய செருப்புச் சத்தம்.